பறவை மார்க், முழு செட்டு

தங்கையின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி முடித்து, பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் நைனா அந்த வார்த்தையை விட்டார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை போட் இன்ஜின் மெக்கானிக். பழவேற்காடு பஜாருக்குப் பின்னால், ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வேலை செய்கிறார். எங்கள் குப்பத்து இன்ஜின்களில் பாதி அவர் கை பட்டவை. அவருக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் முன்நின்று எல்லாம் பேசினார். அந்தப் பெரியவர் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கருவிகள் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் கொடுத்த ஸ்பேனரைச் சாயங்காலம் திரும்ப வாங்கும்போது, அதே மார்க்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கியே பழகிய கண். இலையில் வைத்த அப்பளத்தைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உடைத்தார்.

அவர்தான் ஆரம்பித்தார். "எங்க பையனுக்குக் கை சுத்தம். சாமான்தான் கலப்படம். ஒரு ஸ்பேனரு ஒரு கம்பெனி, இன்னொண்ணு இன்னொரு கம்பெனி. ஒரு செட்டா வெச்சிக்கடானு எத்தினி வாட்டி சொல்றது?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்து பாயசத்தைக் கலக்கினார். எதிர் வரிசையில் இருந்த நைனாவுக்கு அது பொறுக்கவில்லை.

"இதுக்கு இன்னாத்துக்கு சம்பந்தி கவலைப்படுற? எங்க ஊட்ல கீது. பன்னெண்டு ஸ்பேனரு, முழு செட்டு, ஒரே கம்பெனி. பறவ மார்க்கு. மாப்ளைக்கு சீரா வெச்சிடறேன்."

பெரியவர் கை நின்றது. "ஒரே கம்பெனியா?"

"ஒரே கம்பெனி."

"மீன் புடிக்கிற ஊட்ல?"

"வந்து பாருங்க."

"பாக்கத்தான போறேன்" என்றார் பெரியவர். "நான்தான எடுத்துச் சொல்லப்போறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் விழுந்ததும் அம்மா சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்தில் கல்யாணத்தன்று காலையில் சீர் சாமான்களைப் பந்தலில் பரப்பி வைப்போம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, ஊர் கேட்க உரக்கச் சொல்வார். 'பித்தளை அண்டா, பெருசு!' 'குத்துவெளக்கு, ஜோடி!' என்று. அவர் என்ன சொன்னாரோ அதுதான் அந்தப் பொருளுக்குப் பெயர், அதன் பிறகு மாறாது. என் சித்தி கல்யாணத்தில் ஒரு கிரைண்டரை 'கீறல் கிரைண்டரு' என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கிரைண்டர் பழசாகி, எடைக்குப் போட்டு, அடுத்த கிரைண்டரும் வந்தாயிற்று. இன்றைக்கும் சித்தியைக் 'கீறல் கிரைண்டர் ஊட்டம்மா' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, பெரியவர் பந்தலில் நின்று நைனாவின் ஸ்பேனர்களை 'கலப்பட செட்டு' என்று கூவிவிட்டால், நைனா சாகும்வரை கலப்படக்காரர்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே டிப்ளமோவும் முடித்து, ஒரு தொழிற்சாலையில் பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தினமும் பஸ் பிடித்து, ரயில் பிடித்துப் போய்வருகிறேன். பொருளைக் கையில் எடுத்தால் அளவு, அடையாளம், மேல்பூச்சு என்று வரிசையாகப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதனால் நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வலைக்குப் பக்கத்தில் கிடக்கும் பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து, பழைய டீசலில் ஊறிக் கிடந்த ஸ்பேனர்களைக் கோணிமேல் கொட்டினேன். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், பழைய லுங்கி. தங்கையும் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய சீர் ஆயிற்றே.

இந்த ஸ்பேனர்கள் நைனா கையில் வந்த கதை எங்களுக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தபோது அவர் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் வேலை செய்தார். படகின் முதலாளி தொழிலை விட்டபோது, வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகச் சாமான் கொடுத்தார். நைனாவுக்குக் கிடைத்தது பச்சை நிறத் தகரப் பெட்டியில் பன்னிரண்டு ஸ்பேனர். பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது. நைனாவுக்கு எழுத்து தெரியாது. கம்பெனி பெயரை அவர் படித்ததே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் அடித்திருந்த சின்னப் பறவையைத்தான் அவர் தெரிந்துவைத்திருந்தார்.

துருவும் பிசுக்கும் போனதும் முதலில் அளவுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முனைக்கு ஓர் அளவு, ஆறு-ஏழிலிருந்து முப்பது-முப்பத்திரண்டுவரை ஒன்றுகூடக் குறையவில்லை. "பாத்தியா!" என்றார் நைனா.

பிறகு மார்க்குகளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது.

எட்டு ஸ்பேனர்களில் பறவை இருந்தது. ஆனால் எட்டும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கம்பெனி பெயர் வில்போல வளைந்திருந்தது, இன்னொன்றில் நேர்கோடாக இருந்தது. ஒன்றில் நாட்டின் பெயர் இருந்தது, அடுத்ததில் இல்லை. எழுத்து சிலதில் தடிமன், சிலதில் நறுக்கென்று மெல்லிசு. பறவையும் அப்படித்தான். ஒன்றில் இரண்டு கால், ஒன்றில் ஒரே கால்.

தங்கை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது கூழக்கடா. இது கொக்கு. இது செங்கால் நாரை. நைனா, இது பறவையே இல்ல, இறாலு."

"மூக்கு தேஞ்சி போச்சி, அவ்ளோதான்" என்றார் நைனா.

"செரி, இந்த நாலு?"

மீதி நான்கில் பறவையே இல்லை. ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் சக்கரம். ஒன்றில் வேறொரு கம்பெனியின் பெயர் முழு நீளத்துக்கு. நான்காவது பதினாறு-பதினேழு, அதில் நம்பரைத் தவிர ஒன்றுமே இல்லை.

"அதுவும் தேஞ்சிதான் போயிருக்கும்."

"தேஞ்சா பறவ நட்சத்திரமா ஆவுமா நைனா?" என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுத்து லுங்கியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. "புதுசா ஒரு செட்டு வாங்கிக்கலாம் நைனா. நான் வாங்கறேன்" என்றேன்.

"புதுசு வாங்கக் கடை கீது, அது எல்லாருக்கும் தெரியும். நான் அங்க இன்னா சொன்னேன்? எங்க ஊட்ல கீதுனு சொன்னேன். கீதுன்னா இருக்கணும்."

இந்தக் கலப்படம் எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டாள். "தண்ணில தூக்கிப் போட்டுக்கினே இருந்தா எது யாருதுனு எந்த சாமிக்குத் தெரியும்?"

கடலில் ஒரு போட்டின் இன்ஜின் நின்றுபோனால், பக்கத்துப் போட்டுக்காரன் ஸ்பேனரைக் கொடுத்து உதவ வேண்டும். அலையில் இரண்டு போட்டையும் ஒட்டி நிறுத்த முடியாது, இடித்துக்கொள்ளும். அதனால் ஸ்பேனரை வலையின் மிதவைக் கட்டையில் இறுக்கிக் கட்டித் தூக்கிப் போடுவோம். கை தவறினாலும் மூழ்காது. மிதவை தண்ணீர்மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், துடுப்பால் இழுத்து எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதேபோலக் கட்டித் திரும்பப் போடுவார்கள். அவசரத்தில் எது கையில் வருகிறதோ அது. நம்பர் சரியாக இருந்தால் போதும். பதினாலு-பதினைந்து கொடுத்தவனுக்குப் பதினாலு-பதினைந்து திரும்பி வந்துவிட்டது, கணக்கு முடிந்தது. மார்க்கைப் பார்த்து வாங்குகிறவனை எங்கள் குப்பத்தில் யாரும் கண்டதில்லை. சம்பந்திப் பெரியவர் வேலை பார்த்த ஸ்டோரில் இந்தப் பழக்கத்தோடு ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடிந்திருக்காது.

அப்படியென்றால் நைனாவின் நான்கு பறவைகளும் தொலையவில்லை. குப்பத்தில் வேறு யாருடைய பக்கெட்டிலோ இருக்கின்றன. இது புரிந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பறவை இல்லாத நான்கையும் பையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். போட்டுகளை மணலில் ஏற்றி வைத்துவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்க பக்கெட்டுல பறவ போட்ட ஸ்பேனரு எதனா கீதா?"

"நம்பரு சொல்லு."

"நம்பர் இல்லண்ணே, பறவ."

"பறவைய வெச்சினு எந்தப் போல்ட்டடா கழட்டப் போற?"

இன்னொருவர், "படிக்க வெச்சா இப்படித்தான் ஆவும்" என்று வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நம்பரு சரியா கீதா? அப்பறம் இன்னா?"

நான் விடவில்லை. நிச்சயதார்த்தப் பந்தியில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பெரியவர் 'மீன் புடிக்கிற ஊட்ல?' என்று கேட்டதையும் சொன்னேன். அந்த இடத்தில் வலை பிரித்த கைகள் நின்றன.

"இன்னா கேட்டான்?"

"மீன் புடிக்கிற ஊட்லயானு."

"அதயும் கேட்டுக்கினு உங்க நைனா பாயசம் குடிச்சினு இருந்தானா?"

அதற்கப்புறம் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் போய்த் தன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். புங்க மரத்தடியில் ஒரு கிழிந்த வலையை விரித்து, குப்பத்தின் ஸ்பேனர்களையெல்லாம் அதன்மேல் கொட்டினார்கள். மீன் ஏலம் போடும் இடத்தில்கூட அவ்வளவு கூட்டம் வராது. பெண்கள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, நான் மார்க்கைப் படித்துச் சொன்னேன். நட்சத்திரம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்.

அங்கேதான் வேடிக்கை. நட்சத்திரம் எங்களுடையது என்று ஒரு வீட்டார் சொன்னார்கள். அவர்கள் பக்கெட்டில் நட்சத்திரம் ஒன்றுகூட இருக்கவில்லை. அவர்களுடைய நட்சத்திரங்களெல்லாம் நான்கு வீடு தள்ளிக் கிடந்தன. ஒருவர் ஒரு ஸ்பேனரை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "டேய், இது எங்க மாமனாரு குடுத்தது. மூணு மாப்ளைங்கள்ல எனக்குத்தான் குடுத்தாரு" என்றார். அவர் மனைவி, "அதத் தொலச்சிட்டேனு எங்கப்பாகிட்ட எத்தினி வாட்டி திட்டு வாங்கின? இங்கதான் கெடந்துது பாரு" என்று அவர் தலையில் தட்டினாள். மாற்றிக்கொள்வதும், சிரிப்பதும், "உன் பக்கெட்டப் பாரு, திருட்டுப் பக்கெட்டு" என்று கேலி செய்வதுமாகப் பொழுது போனது.

நைனாவின் பறவைகள் மூன்று அந்தக் குவியலிலேயே கிடைத்துவிட்டன. கிடைக்காதது பதினாறு-பதினேழு மட்டும்.

அது எங்கே இருந்தது என்று சீக்கிரமே தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமா தன் பக்கெட்டைக் கொண்டுவரவே இல்லை.

மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நைனாவோடு காசிமேட்டில் அதே விசைப்படகில் வேலை செய்தவர். அவருக்கும் அதே முதலாளி ஒரு செட்டு கொடுத்திருக்கிறார், அதே பறவை மார்க்கில். அவருடையதில் முக்கால்வாசி ஏரிக்கு அடியில் போய்விட்டது. மற்றவையும் கைமாறிப்போனதில் மிச்சமிருந்த ஒரே பறவை, பதினாறு-பதினேழு. அதை வீட்டுக்குள் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

"இது என்னுது" என்றார் மாமா, எங்களைப் பார்த்ததுமே.

"இல்ல மச்சான்" என்றார் நைனா. "போன வருஷம் காத்துல உன் இன்ஜின் நின்னுச்சே, நான் தூக்கிப் போட்டேன் பாரு, அதான் இது. நீ எனக்கு மார்க்கே இல்லாம மொட்டையா ஒண்ணு திருப்பிக் குடுத்த."

"மொட்டையா குடுத்தேனா? நீ எனக்குக் குடுத்ததே மொட்ட. அதத்தான் திருப்பிக் குடுத்தேன்."

"சாட்சி கீதா?"

"கடல்ல இன்னா சாட்சி? நீ ஒரு போட்டுல, நா ஒரு போட்டுல. நடுவுல ஒரு மிதவ."

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, மாமாவின் ஸ்பேனரை எடுத்து அளந்து, எழுத்தைப் பார்த்து, நைனாவின் மற்ற பறவைகளோடு ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். பிரயோஜனமில்லை. ஒரே கம்பெனி. அதைத் தாண்டி, இது யாருடைய பச்சைப் பெட்டியிலிருந்து வந்தது என்று இரும்பில் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் குப்பத்துப் பெரியவர்கள் எங்கள் ஊர் வழியிலேயே தீர்த்துவிடச் சொன்னார்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களில் நல்ல இடமும் உண்டு, சுமாரானதும் உண்டு. யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்போம். அதைப் பாடு என்கிறோம். பாட்டில், அதாவது அந்தக் குலுக்கலில், விழுந்ததை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நைனாவுக்கு ஒரு சிப்பி, மாமாவுக்கு ஒரு மிதவைத் துண்டு. இரண்டையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். கோயில் வாசலில் வைத்து நாட்டாமை கையை விட்டு எடுத்தார்.

மிதவைத் துண்டு.

மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். நைனா சிப்பியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். வழியில், "பாட்டுல போனது போனதுதான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பாட்டில் மீனைத் தொடவில்லை. அம்மா அதை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

பதினொரு பறவை, ஒரு மொட்டை. அந்தப் பதினொன்றையும் கோணிமேல் வரிசையாக அடுக்கியபோதுதான் இன்னொரு குண்டு வெடித்தது. ஏழு பறவை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு வலப்பக்கம்.

"இதுங்க கடலப் பாக்குது. இதுங்க கரையப் பாக்குது" என்றார் நைனா. குரல் இறங்கிவிட்டது. "அந்தாளு கண்ணாடி போட்டுனு பாப்பான். ரெண்டு கம்பெனின்னு சொல்லிடுவான்."

எனக்கும் அது உறுத்தியது. பழைய கருவிகளைச் சேர்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: தன்னிடமும் இரண்டு விதமும் இருக்கின்றன, இரண்டும் அதே கம்பெனிதான், காரணம் தெரியாது என்று. காரணம் தெரியாது என்பதை நைனாவிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். மார்க்கை இரும்பில் அடிப்பது ஓர் அச்சால். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிகிற மாதிரிச் செதுக்க வேண்டும். அப்போதுதான் அடித்தால் நேராக விழும். அச்சு தேய்ந்ததும் புது அச்சு செதுக்குவார்கள். புதிதாகச் செதுக்கியவர் எழுத்தைச் சரியாகத் திருப்பியிருக்கிறார். எழுத்து மாறினால் உடனே தெரிந்துவிடுமே. பறவையைத் திருப்ப மறந்திருக்கலாம். பறவை எந்தப் பக்கம் பார்த்தாலும் பறவைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதியில் இடப்பக்கம் பார்க்கிற பறவையை அப்படியே செதுக்கினேன். மஞ்சளைக் கரைத்து, தொட்டு, காகிதத்தில் அழுத்தினேன். பறவை வலப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"தோ பாரு நைனா!"

தங்கை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "பறவையா இது? வாத்து மாதிரி கீது. ஆனா திரும்பிக்கிச்சி." அவள் மறுபாதியில் அழகாக ஒரு பூநாரை செதுக்கி, சுவரெல்லாம் மஞ்சள் பறவைகளை அடித்து, அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

நைனா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா அந்தாளு பந்தல்ல கூவும்போது, நீ கெழங்க எடுத்துனு வந்து ஊருக்கெல்லாம் மஞ்சப் பறவ அடிச்சிக் காட்டுவியா?"

உண்மையைச் சொன்னால், நான் காட்டத்தான் இருந்தேன். கல்யாணத்தன்று என் புதுச் சட்டைப் பையில் ஒரு கிழங்கு இருந்தது.

கல்யாணக் காலையில் சீர்த் தட்டுகளைப் பரப்பினார்கள். ஸ்பேனர்களைப் பெரிய தாம்பாளத்தில் சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. பதினாறு-பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் மொட்டை ஸ்பேனர். அதற்கு மட்டும் குங்குமம் கொஞ்சம் அதிகமாக, மார்க் இருக்க வேண்டிய இடத்தை மறைத்து. நைனா அதைப் பார்த்தார். விரலால் அந்தக் குங்குமத்தைத் துடைத்துவிட்டார். "மறைக்கக் கூடாது" என்றார் அம்மாவிடம். மொட்டை இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

அப்போது மேளச் சத்தத்துக்கு நடுவில் மாமாவும் அத்தையும் மாமன் சீரோடு வந்தார்கள். அத்தை கையில் பட்டுப்புடவை, பூ, பழம். மாமா கையில் தனியாக ஒரு சின்னத் தட்டு. அதில் வெற்றிலைமேல், எண்ணெய் தடவிப் பளபளக்கிற பதினாறு-பதினேழு. பறவையோடு.

"பாட்டுல எனக்குத்தான வுழுந்துது?" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்ப நான் யாருக்கு வோணா குடுக்கலாம். என் மருமவளுக்குக் குடுக்கறேன்." மொட்டையை எடுத்து நைனாவின் கையில் திணித்தார். "இது உன்னுது. இது மட்டும் நிச்சயமா உன்னுது."

நைனா அதை வாங்கி, புது வேட்டி என்றும் பாராமல் இடுப்பில் சொருகிக்கொண்டார். கல்யாணம் முடியும்வரை அது அங்கேதான் இருந்தது.

சம்பந்திப் பெரியவர் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்டா, குடம், விளக்கு, பீரோ. எல்லாம் சத்தமாக, நல்லபடியாக. ஸ்பேனர் தாம்பாளத்துக்கு வந்ததும் நின்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எங்கள் குப்பமே கழுத்தை நீட்டியது. அத்தனை பேரும் மண்ணெண்ணெய் பிடித்துத் துடைத்த ஸ்பேனர்கள் அல்லவா?

அவர் முதலாவதை எடுத்தார். திருப்பினார். வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. பன்னிரண்டையும் அப்படியே பார்த்தார். பிறகு இரண்டை மட்டும் இரு கையிலும் தூக்கிப் பிடித்தார்.

"பறவதான். கம்பெனி பேரும் அதேதான். ஆனா இது இந்தப் பக்கம் பாக்குது, இது அந்தப் பக்கம் பாக்குது. இத ஒரே செட்டுனு எப்டி சொல்றது?"

நான் பையில் கையை விட்டேன். நைனா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதற்குள் மணவறைப் பக்கமிருந்து, மாலையும் கழுத்துமாகத் தங்கை பெரியவரைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"மாமா! நம்ம ஏரில பறவைங்க நிக்குதே, அதுங்க எந்தப் பக்கம் பாத்துனு நிக்கும்?"

பந்தலில் கல்யாணப்பெண் வாய் திறந்து பேசியதும் இரண்டு கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவரும் ஏரிக்கரையில் பிறந்தவர்தானே. யோசிக்காமல் பதில் சொன்னார். "காத்து வர்ற பக்கம் பாத்துத்தான் நிக்கும். எல்லாம் ஒண்ணாத்தான் நிக்கும். அதான் நானும் கேக்கறேன், இது ஏன் நிக்கல?"

"காத்து மாறிச்சினா?"

"திரும்பிக்கும்."

"திரும்பிக்கிட்டா வேற பறவையா ஆயிடுமா மாமா?"

யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். பெரியவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஸ்பேனரு, பன்னெண்டு! முழு செட்டு! ஒரே கம்பெனி! பறவ மார்க்கு!" என்று கூவினார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்று சேர்த்தார். "காத்து மாறும்போது அடிச்ச மார்க்கு!"

குப்பமே விசிலடித்தது. நைனா வேறெங்கும் பார்க்காமல் பந்தல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு மாமா அவர் முதுகில் ஓர் அடி போட்டார். எங்கள் வீட்டுக்கு 'காத்து மாறின செட்டு ஊடு' என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், நைனாவும் மறுப்பதில்லை.

சட்டைப் பையில் இருந்த கிழங்கை மறந்துவிட்டேன். துவைக்கப் போட்டபோது அம்மா எடுத்து, "இது இன்னாடா கர்மம்?" என்றாள்.

போன வாரம் தங்கை ஒரு படம் அனுப்பினாள். மாப்பிள்ளையின் கொட்டகையில், ஆணி வரிசையில் தொங்குகிற நைனாவின் ஸ்பேனர்கள். பத்தில் பறவை. ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் மீன் மாதிரி ஏதோ ஒரு புது மார்க். ஏரியில் நின்றுபோன ஒரு போட்டுக்கு மாப்பிள்ளை இரண்டு ஸ்பேனர்களைத் தூக்கிப் போட்டாராம். மிதவையில் கட்டித் திரும்பி வந்தவை இவைதானாம். பெரிய மாமா, அதாவது சம்பந்திப் பெரியவர், பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கி நைனாவிடம் காட்டினேன். அவர் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும்.

"நம்பரு சரியா கீது இல்ல?" என்றார். "அப்பறம் இன்னா? சம்பந்திய சாப்டச் சொல்லு."